‘எஸ்’ என்றால் கூடாது

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறேன். அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். தமிழ்வழியில் படித்தவள். ஆயிரம் ஆங்கில மரபுத்தொடர்கள் அடங்கிய புத்தகம் வாங்கி, நாளுக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்கிறேன். போன வாரம் இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றேன், சிரித்தார். அது போகட்டும். கிளம்பும் நாளன்று ‘வுட் யூ மைண்ட் இஃப் வி செக் அவுட் எ பிட் லேட்?’ என்று கேட்டார். பாதிதான் புரிந்தது, ‘எஸ் சார்’ என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சம்மதம்தானே சொன்னேன்? இதையெல்லாம் எப்படித்தான் கற்றுக்கொள்வது?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்னது சம்மதம் இல்லை, மறுப்பு. அந்தக் கேள்வியில் ‘மைண்ட்’ என்பதற்கு ஆட்சேபம் என்று பொருள். ‘கொஞ்சம் தாமதமாக அறையைக் காலி செய்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று அவர் கேட்க, ‘உண்டு’ என்றிருக்கிறீர்கள். ‘நாட் அட் ஆல்’ என்றிருக்க வேண்டும். அவர்களே சில சமயம் ‘ஷ்யூர், கோ அஹெட்’ என்பார்கள். பின்பாதி சம்மதத்தைக் காட்டிவிடுவதால் குழப்பம் வராது. வெறும் ‘எஸ்’ தனியாக நின்றால்தான் வம்பு. முடியாது என்று சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் த ரூம் இஸ் புக்டு’ என்று தொடங்குங்கள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று நாம் ஆரம்பிப்போமே, அதுதான் இது.

இந்த மாதிரித் தொடர்கள் அந்த வகைப் புத்தகங்களில் அதிகம் இருக்காது. நாய், பூனை, வாளி என்று கண்ணுக்குத் தெரிகிற தொடர்களைத்தான் தொகுப்பவர்கள் தேடிப் பிடிப்பார்கள். நாய் பூனை மழையை இப்போது இங்கிலாந்திலேயே பேச்சில் கேட்பது அரிது. ‘இட்ஸ் போரிங்’ என்று சொன்னால் போதும். சலிப்பு என்ற ‘போரிங்’ இல்லை, மழை கொட்டுகிறது என்ற ‘போரிங்’. உங்கள் மேசைக்கு எதிரில் நிற்பவர் பேசுவது சின்ன வினைச்சொற்களோடு வால் சேர்ந்த ஆங்கிலம். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘புட் அப்’ என்றால் தங்கவைப்பது. அதன் பின்னால் ஒரு ‘வித்’ ஒட்டிக்கொண்டால் சகித்துக்கொள்வது. பக்கத்து அறைச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வருபவர் இந்த மூன்றாவதைத்தான் சொல்வார்.

இவற்றில் நம்மவர்கள் சறுக்குவது வரிசையில். ‘கால் ஹிம் பேக்’ சரி, ‘கால் பேக் ஹிம்’ தப்பு. ஹிம், இட், தெம் போன்றவை நடுவில்தான் உட்காரும். ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்பதற்கு விதி தேடி அலைய வேண்டாம். நோட்டில் எழுதும்போதே ‘பிக் இட் அப்’, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்று ‘இட்’ போட்டு எழுதுங்கள். வாய்க்கு வரிசை பழகிவிடும்.

மரபுத்தொடரின் உருவத்தையும் தொடக்கூடாது. தமிழில் ‘அவனைக் கை கழுவிட்டாங்க’ என்றால் ஒரு பொருள். ‘கைகளைக் கழுவினாங்க’ என்றால் சாப்பாட்டுக்கு உட்காரப் போகிறார்கள். அதேபோல, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பது என்ற பொருளில் வரும் ‘பைட் த புல்லட்’ என்பதைப் பன்மையாக்கினால் அந்தத் தொடரே செத்துவிடும். தமிழ்ச் சாயலை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்று ஒருவர் கேட்டால், காலை வாரிவிட்டதாகச் சொல்கிறார் என்று பதறாதீர்கள். ‘கலாய்க்கிறீங்களா?’ என்கிறார், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பாதிதான் புரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொற்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், காதில் அவை தனித்தனியாக விழவில்லை. ‘செக் அவுட் எ பிட்’ என்பது பேச்சில் ‘செக்கவுட்டபிட்’. மெய்யின்மேல் உயிர் ஏறுவதைப் பள்ளியில் புணர்ச்சி என்று படித்தோமே, அதேதான் இங்கேயும். அமெரிக்கர் வாயில் அந்த ‘ட்ட’ இன்னும் மெலிந்து ‘ட’ ஆகிவிடும். ஆகவே நோட்டில் ஒவ்வொரு தொடரையும், காதில் விழுகிறபடி, தமிழ் எழுத்தில் ஒரே சொல்லாக எழுதிவையுங்கள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இன்னொன்று. ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூரு, சென்னைக்காரர்கள். அவர்களுடைய மரபுத்தொடர்கள் ஆபீஸில் பிறந்தவை. ‘எய்ட் ஆஃப் அஸ், டூ நைட்ஸ், பால்பார்க் சொல்லுங்க’ என்பார்கள். பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த அமெரிக்கத் தொடர் அது. உத்தேசத் தொகை கேட்கிறார்கள். கால்குலேட்டரை எடுத்து ஜிஎஸ்டி வரை கணக்குப் போட வேண்டாம். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ இவர்களிடம் தாராளமாகச் செல்லும், வெளிநாட்டவரிடம் ‘அவுட் ஆஃப் டவுன்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஷி பாஸ்டு அவுட் இன் 2019’ என்றால் நமக்குப் படிப்பு முடித்தவள், அவர்களுக்கு மயங்கி விழுந்தவள். இங்கிலாந்துக்காரர் ‘ஹாஃப் செவன்’ மணிக்கு எழுப்பச் சொன்னால் ஏழரை. ஜெர்மானியர் தம் மொழிப் பழக்கத்தில் அதையே சொன்னால் ஆறரை! ‘செவன் தர்ட்டி?’ என்று திருப்பிக் கேட்டுவிடுவதே நல்லது.

நாளுக்கு இருபது வேண்டாம். வாரத்துக்கு ஐந்து போதும், அதுவும் நீங்கள் காதால் கேட்டவை மட்டும். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று ஒரு வரி. முழு வாக்கியம் ஒன்று. பொருளுக்குப் பழமொழி எழுதாதீர்கள், சூழலை எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று வாரம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நோட்டைப் பார்த்துப் படித்தால் தலை சுற்றும். இறங்கும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்க்கலாம். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு ஆட்கள் சொல்லிக் கேட்கும்வரை நீங்கள் அதைப் பேச்சில் பயன்படுத்த வேண்டாம். அதுவரை புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதிகள் இணையத்தில் இலவசம். பொருளுக்கு முன்னால் உள்ள சின்னக் குறிப்பை விடாதீர்கள். ‘இன்ஃபார்மல்’ என்றிருந்தால் விருந்தினரிடம் யோசித்துப் பேசுங்கள். ‘ஓல்டு ஃபேஷன்டு’ என்றிருந்தால் கேட்டுக்கொள்வதோடு சரி.

அந்த ஆயிரம் தொடர் புத்தகத்தை எடைக்குப் போட வேண்டாம். மனப்பாடத்தை மட்டும் நிறுத்துங்கள். மேசையடியில் கிடக்கட்டும், யாராவது சொன்ன பிறகு புரட்டிப் பார்க்க உதவும்.