இருவர் தூக்கினால் இரட்டிப்புப் பலமா?

கேள்வி: கிரானைட் பொருத்தும் வேலை எடுத்துச் செய்கிறேன். 8 அடிக்கு 2 அடி சமையல் மேடைப் பலகையை இருவர் முதல் மாடிக்கு ஏற்றியபோது ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறோர் இடத்தில் சிங்க் வெட்டிய பலகை படியிலேயே முறிந்தது. எத்தனை பேர் தூக்க வேண்டும்?

பதில்: முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 4.5 கிலோ. உங்கள் பலகை 16 சதுர அடி, 72 கிலோ. இடுப்பு உயரத்தில், உடலை ஒட்டிப் பிடித்தால் ஓர் ஆணுக்கு 25 கிலோ என்பது பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி. இருவர் சேர்ந்தால் அது 50 ஆகாது. மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 33 கிலோதான். மூவருக்கு மொத்தத்தில் பாதி, 37. உயரமும் நடையும் ஆளுக்கு ஆள் மாறும், பிடி ஒன்றுபோல் கிடைக்காது. அதனால் ஆளைக் கூட்டுவதைவிடத் தூக்கும் தூரத்தைக் குறையுங்கள். படிக்கட்டு வரை தள்ளுவண்டி. படியில் மட்டும் நால்வர், பலகைக்கு அடியில் இரண்டு பெல்ட்.

பலகையை எப்போதும் நீள விளிம்பு கீழே இருக்கும்படி செங்குத்தாகவே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடக்கூடும். படியில் கீழே நிற்பவர்கள் பக்கம் பாதிக்கு மேல் எடை இறங்கும்; பலசாலிகள் அங்கே நிற்கட்டும். படி திரும்புமிடத்தில் 8 அடி திரும்புமா என்று முந்தின நாளே டேப் வைத்துப் பாருங்கள். பாதி வழியில் பலகையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதில்தான் இடுப்பு போகிறது.

குரல் கொடுப்பவர் ஒருவர்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றால் சிலர் மூணிலேயே தூக்குவார்கள், சிலர் அதற்குப் பிறகு. அந்த அரை நொடி முழுச் சுமையும் ஒருவர் மேல். "தூக்கு" என்ற சொல்லில்தான் தூக்குவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். "விடு" என்றால் எல்லோரும் விட்டு விலக வேண்டும். சாயும் கல்லைத் தாங்கிப்பிடிக்க ஒருவரும் போகக் கூடாது. கல்லை வேறு வாங்கிக்கொள்ளலாம். இறக்குமிடத்தில் இரண்டு ரீப்பர் கட்டைகளை (மெல்லிய மரச் சட்டம்) முன்னதாகவே போட்டுவையுங்கள், விரல் நசுங்காது.

சிங்க் ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சுவது இரண்டு, மூன்று அங்குலப் பட்டைதான். முறிவது அங்கேதான். மேலே கொண்டுபோன பிறகு, தண்ணீர் விட்டு வெட்டுவது நல்லது. கடையிலேயே வெட்டியாக வேண்டுமென்றால் நீளவாக்கில் ஒரு பாக்ஸ் பைப்பை (சதுர இரும்புக் குழாய்) ஜி கிளாம்ப் என்னும் திருகுப் பிடிப்பான் போட்டு இறுக்கிவிடுங்கள். மேடையில் ஓர் இணைப்பு தெரிய வீட்டுக்காரர் சம்மதித்தால் 4 அடி, 4 அடியாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றும் 36 கிலோ.