வேலைநிறுத்த நாட்களில் ஆன்லைன் வகுப்பு நடத்தலாமா?

கேள்வி: கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் ஆன்லைனில் பாடம் நடத்திய பள்ளிகள், ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் மட்டும் கதவைச் சாத்திவிடுகின்றனவே, ஏன்?

பதில்: அப்போது பூட்டிக் கிடந்தது கட்டடம், ஆசிரியர்கள் வேலையில்தான் இருந்தார்கள். இப்போது கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இல்லை. வகுப்பை செல்போனுக்கு மாற்றினால் மட்டும் அவர் வந்துவிடுவாரா? வேலைநிறுத்தத்தில் இருப்பவர் வீட்டிலிருந்து லாகின் செய்து பாடம் நடத்தினாலும் வேலைக்குத் திரும்பியதாகவே அர்த்தம். வெளியாளை வைத்து நடத்தினால் சங்கத்தார் ‘கருங்காலி வேலை’ என்பார்கள். பிரிட்டனில், வேலைநிறுத்தம் செய்பவரின் இடத்துக்கு ஏஜென்சிகள் ஆள் அனுப்பக் கூடாது என்று விதியே உண்டு. அரசு 2022-ல் அதை நீக்கிப் பார்த்தது. மறு ஆண்டே உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்துவிட்டது.

எனவே, வேலையை நிறுத்துவது யார் என்று முதலில் பாருங்கள். 2022 நவம்பரில் கனடாவின் ஒன்டாரியோவில் வெளியேறியவர்கள் துப்புரவு, அலுவலக, வகுப்பறை உதவிப் பணியாளர்கள். சுமார் 55,000 பேர். ஆசிரியர்கள் பணியில் இருந்ததால் பல பள்ளி வாரியங்கள் ஆன்லைனுக்கு மாற முடிந்தது. ஆசிரியர்களே வெளியேறினால் அந்த வழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது, பிள்ளைகள் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள். அதை ‘ஆன்லைன் வகுப்பு’ என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால் பிறகு சமாளிக்க முடியாது.

கேள்வி: நான் தலைமையாசிரியர். அடுத்த வாரம் ஐந்து நாள் வேலைநிறுத்தம். பாதி ஆசிரியர்கள் வரக்கூடும். என்னென்ன ஏற்பாடு செய்யலாம்?

பதில்: வருகிறவர்களை ஆன்லைனில் உட்காரவைக்காதீர்கள், நேரில் பயன்படுத்துங்கள். பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு, வீட்டில் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகள், சிறப்புக் கவனம் வேண்டியவர்கள் முதலில். இங்கிலாந்துக் கல்வித்துறையின் வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதே வரிசையைத்தான் சொல்கிறது. பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு நிற்கக் கூடாது.

மற்றவர்களுக்குப் பயிற்சித்தாள். ஏற்கெனவே நடத்திய பாடத்திலிருந்து மட்டும் எடுங்கள். கடன் வாங்கிக் கழிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: அம்மா தான் படித்த முறையில் சொல்லிக்கொடுப்பார், பத்து நாள் கழித்து ஆசிரியர் வேறு முறையில் நடத்துவார், பிள்ளை இரண்டையும் கலந்து தப்பாகப் போடும். தெரிந்த பாடத்தில் இந்தச் சிக்கல் வராது.

அளவு விஷயத்தில் கை நீளக் கூடாது. தொடக்க வகுப்புகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், நடுநிலைக்கு இரண்டு, உயர் வகுப்புகளுக்கு மூன்று. தொடக்க வகுப்பென்றால் நாளுக்கு நான்கு பக்கம்: வாசிக்க ஒன்று, கணக்கு இரண்டு, எழுத ஒன்று. விடைகளைத் தனித்தாளில் மூன்றாம் நாள் அனுப்புங்கள். முதல் நாளே கொடுத்தால் பார்த்து எழுதிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா!

முடிந்தவரை அச்சிட்டே, முந்தைய வெள்ளிக்கிழமை பையில் வைத்து அனுப்புங்கள். போனில் அனுப்பினால் வீடியோ வேண்டாம். பத்து நிமிட ஆடியோவை, ஒலித்தரத்தை 64 கேபிபிஎஸ் என்று வைத்துப் பதிந்தால் 5 எம்பிக்குள் அடங்கும். பக்கங்களை கேமராவில் எடுத்து அப்படியே அனுப்பினால் பக்கத்துக்கு 3 எம்பிகூட ஆகலாம். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி அனுப்புங்கள். ஒரே போனை இரண்டு மூன்று பிள்ளைகள் பகிரும் வீடுகள் உண்டு. அதனால் ‘காலை 9 மணிக்குள்’ என்று நேரம் குறிக்காதீர்கள்.

அதிகம் சொதப்புவது வேறு இடத்தில். கூகுள் கிளாஸ்ரூமோ வாட்ஸ்அப் குழுவோ, பொறுப்பாளர் அந்த வகுப்பாசிரியர் ஒருவர்தான். திங்கள் காலை அவருக்கு போன் போட்டு பாஸ்வேர்டு கேட்பது அசிங்கம். வேலைநிறுத்தம் பேச்சிலேயே இல்லாத நாளில், எல்லா வகுப்புகளிலும் பள்ளி அலுவலகக் கணக்கை இணை ஆசிரியராகச் சேர்த்து வையுங்கள். கொரோனா காலத்தில் ஆசிரியர்கள் பதிந்த வீடியோக்களை அவர்களைக் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள். அவர் குரலை வைத்தே அவர் போராட்டத்தை உடைத்ததாகிவிடும். அந்தக் கசப்பு லேசில் போகாது. ‘ஐந்து நாளுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போங்க’ என்று போராடப்போகிறவரிடமே கேட்பதும் அப்படித்தான். பயிற்சித்தாளை நீங்களும் போராட்டத்தில் சேராதவர்களும் தயாரியுங்கள், அவர்களுக்கும் விருப்பம் இருந்தால்.

கேள்வி: வீட்டில் பயிற்சி செய்த நாட்களைப் பள்ளி வேலைநாளாகக் கணக்கில் எடுக்கலாமா?

பதில்: உங்கள் ஊர் விதி அனுமதித்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அமெரிக்காவின் சிகாகோவில் 2019-ல் ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் 11 பள்ளி நாட்கள் போயின. முடிவில் ஐந்து நாட்களை ஈடுசெய்ய ஒப்புக்கொண்டார்கள். அந்த ஈடு நாட்களில்தான் பிள்ளைகளுக்கு நிஜமான வகுப்பும் ஆசிரியர்களுக்கு விட்டுப்போன சம்பளத்தில் கொஞ்சமும் திரும்பக் கிடைக்கும். பயிற்சித்தாளை வேலைநாளாகப் பதிந்தால் இரண்டும் போச்சு. லாகினை வைத்து வருகைப்பதிவும் போடாதீர்கள். இணையம் இல்லாத பிள்ளை ‘ஆப்சென்ட்’ ஆகிவிடும்.

கேள்வி: வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீண்டால்?

பதில்: பயிற்சித்தாள் இரண்டாம் வாரத்திலேயே சலித்துவிடும். கல்வி, கறாரான பொருளில் ‘அத்தியாவசிய சேவை’ அல்ல என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமைக் குழுவின் நிலைப்பாடு. ஆனால் போராட்டம் நீளும்போது, சங்கங்களோடு கலந்து பேசி, குறைந்தபட்சச் சேவையை நிர்ணயிக்கலாம் என்றும் அது சொல்கிறது. தேர்வு வகுப்புகளுக்கு வாரம் சில மணி நேரம், நேரிலோ ஆன்லைனிலோ, எந்தெந்தப் பாடம் என்று சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முதல் வாரத்திலேயே கேளுங்கள். பேச்சுவார்த்தை முறிந்த பிறகு போனால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.