பொம்மையின் புஜம், பையனின் கவலை

கேள்வி: என் 15 வயது மகன் தினமும் டேப் வைத்துக் கையை அளக்கிறான். சினிமா நடிகர் மாதிரி, அலமாரியில் நிற்கும் பொம்மை வீரன் மாதிரி உடம்பு வேண்டுமாம். புரோட்டீன் பவுடர் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: வேண்டாம். அவன் ஒப்பிடும் அளவே மனித அளவு இல்லை. ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கப் போர்வீரன் பொம்மையை 5 அடி 10 அங்குல ஆளாகப் பெருக்கிக் கணக்கிட்டது 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. 1964-ல் வந்த பொம்மைக்குப் புஜச் சுற்றளவு 12.2 அங்குலம், 1990-களின் பிற்பகுதியில் வந்ததற்கு 26.8! ஒல்லியான ஆணின் இடுப்பளவு அது. இதை அவனிடமே டேப்பில் காட்டுங்கள். திரையில் தெரியும் உடம்பும் சில மணி நேரத்துக்கானதுதான்: தண்ணீரைக் குறைத்து, ஷாட்டுக்கு முன் தண்டால் எடுத்து, எண்ணெய் தடவி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பது. தண்ணீர் குறைப்பது ஆபத்து. வீட்டில் முயல விடாதீர்கள்.

50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் சாளை (மத்தி) மீனில் சுமார் 20, ஐம்பது கிராம் சிறுபயறில் 12. மீதி சோறு, பாலிலேயே வந்துவிடும்.

ஜிம்மில் யாராவது தசை பெருக்க ஸ்டீராய்டு ஊசி என்றால் உடனே தடுங்கள். வளரும் எலும்பின் நுனி சீக்கிரமே மூடி, உயரம் நின்றுவிடக்கூடும். கண்ணாடியை விட்டு நகராமல், பள்ளிக்கூடம் போக மறுத்தால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸிலும் பேசலாம்.