காரில் பாட மறுக்கும் சிடி

கேள்வி: கம்ப்யூட்டரில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட எம்பி3 பாட்டுகளை ஒரே சிடியில் பதிந்தேன். வீட்டில் நன்றாகப் பாடுகிறது. கார் ஸ்டீரியோவில் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. ஸ்டீரியோ போய்விட்டதா?

பதில்: விலைக்கு வாங்கிய பாட்டு சிடி அதில் பாடுகிறதல்லவா? அப்படியென்றால் ஸ்டீரியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸைத் துடைக்கிறேன் என்று யாரையும் அதைப் பிரிக்க விடாதீர்கள்.

சிடி நுழையும் வாயருகே பொடி எழுத்தில் ‘எம்பி3’ என்று அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால் அதற்குச் சாதாரண ஆடியோ சிடி மட்டும்தான் தெரியும். பதியும் மென்பொருளில் ‘டேட்டா சிடி’யை விட்டுவிட்டு ‘ஆடியோ சிடி’யைத் தேர்ந்தெடுங்கள். பாடிவிடும், ஆனால் 80 நிமிடம்தான் கொள்ளும், அதாவது பதினைந்து, இருபது பாட்டு. அதே 700 எம்பி தட்டில் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவில் சுருக்கிய எம்பி3 பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆடியோ சிடியாக மாற்றினால் ஒலி மெருகேறும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கோப்பைச் சிறிதாக்க எம்பி3 ஆக்கும்போது கழித்துக் கட்டிய ஒலி விவரம் திரும்பி வராது.

எம்பி3 என்று அச்சிட்டிருந்தும் பாடவில்லையா? தட்டைப் பாருங்கள். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ என்றால் சந்தேகம் அதன்மேல்தான். ஒரே முறை எழுதும் சிடி-ஆரை விட அது லேசர் ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். பழைய ஸ்டீரியோக்களின் கண்ணுக்கு அது எட்டாது. டிவிடியில் பதிந்திருந்தால் சிடி மட்டும் படிக்கும் ஸ்டீரியோவில் பேச்சுக்கே இடமில்லை. சிடி-ஆரில், பதிந்து முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்தீர்களா, அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி தட்டை மூடினீர்களா என்று பாருங்கள். ‘பிறகு இன்னும் பாட்டு சேர்க்கலாம்’ என்று திறந்தே விட்ட தட்டைக் கம்ப்யூட்டர் படித்துவிடும், பல கார் ஸ்டீரியோக்கள் படிக்காது.

இன்னொன்று: எம்4ஏ என்ற வேறு வகைப் பாட்டுக் கோப்புக்கு எம்பி3 என்று பெயர் மட்டும் மாற்றிப் பதிகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா? முறையாக கன்வர்ட் செய்ய வேண்டும்.

கேள்வி: பாட்டுகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேன். திரையில் வெறும் கோடுகள்தான் வருகின்றன. வரிசையும் தாறுமாறாக ஓடுகிறது.

பதில்: உங்கள் ஸ்டீரியோவுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். மாற்றிய பிறகும் கோடுகள் வந்தால், ஸ்டீரியோ கோப்பின் பெயரைக் காட்டவில்லை, பாட்டுக் கோப்புக்குள்ளேயே பாட்டின் பெயர், பாடகர் பெயர் எழுதியிருக்கும் ஐடி3 குறிப்பைக் காட்டுகிறது, அதையும் திருத்துங்கள். வரிசைக்கு 1, 2 என்று போடாமல் 01, 02 என்று ஆரம்பியுங்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிடும் ஸ்டீரியோவுக்கு 1-க்கு அடுத்து 10, 11 எல்லாம் முடிந்துதான் 2 வரும். நூறைத் தாண்டினால் 001. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கவும் வேண்டாம். ஓட்டிக்கொண்டே தேட முடியாது, தேடவும் கூடாது.

கேள்வி: சிடி மேல் அழகாக ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டலாமா?

பதில்: கார் சிடிக்கு வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். இழுத்து உள்வாங்கும் வகை ஸ்டீரியோவில் அது மாட்டிக்கொண்டால் டாஷ்போர்டிலிருந்து கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிடிக்கென்றே விற்கும் மார்க்கரால் மேல்பக்கத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடாது. பாட்டு பதிந்த படலம் அந்தப் பக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது, கீறினால் போச்சு.