பீட்டில்ஸ் என்று தேடினால் அந்த பேட்மேன் கதை கிடைக்காது

பாடகர் செத்துப்போய் அவர் இடத்தில் வேறு ஆள் நடிக்கிறாரா என்று பேட்மேன் துப்பறிகிற பழைய காமிக்ஸ் இதழ், பீட்டில்ஸ் இசைக்குழுவின் பெயரைப் போட்டுத் தேடியும் சிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சிக்காதுங்க. கதையில் குழுவின் பெயர் ஆலிவர் ட்விஸ்ட்ஸ். 1970-இல் வந்த பேட்மேன் 222-ஆம் இதழைத் தேடுங்கள். பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று 1969-இல் கிளம்பிய புரளிதான் கரு. பால் இங்கே சால் ஆகிவிட்டார். முடிவு அப்படியே தலைகீழ், அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

அப்புறம், பீட்டில்ஸ் சொந்தப் பெயரிலேயே வருவது வேண்டுமென்றால் மார்வெலின் ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 130, 1965. அதில் 'திங்', 'ஹியூமன் டார்ச்' என்ற இரண்டு சூப்பர் ஹீரோக்கள் ஆசையாகக் கச்சேரிக்குப் போவார்கள். வசூல் பணத்தைத் திருடியவர்களைத் துரத்திப் பிடித்துத் திரும்புவதற்குள் கச்சேரியே முடிந்திருக்கும், பாவம்.