தமிழ் தெரியாதவர் பார்த்த தமிழ் எழுத்து

அன்புள்ள ஐயா,

நான் வடிவமைப்புக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். பட்டத்துக்கான புராஜெக்டாக, புத்தகங்களில் பயன்படுத்த ஒரு தமிழ் எழுத்துரு செய்கிறேன். போன வாரம் புராஜெக்டை மதிப்பிடும் ஜூரிக்கு வெளியிலிருந்து ஓர் எழுத்துரு வடிவமைப்பாளர் வந்திருந்தார். பல இந்திய மொழிகளுக்கு எழுத்துரு செய்தவர், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. சுவரில் பெரிதாக ஒட்டியிருந்த எழுத்துகளை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு பத்தி அச்சிட்ட தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அங்கங்கே கறுப்புத் திட்டு விழுகிறது, சுழிகள் அடைபடுகின்றன, எழுத்துகளுக்கு இடையே வெளி சீராக இல்லை என்றார். ‘ர’வின் கீழே இருக்கும் சாய்ந்த கோட்டை எடுத்துவிட்டால் துணைக்காலோடு ஒத்துப்போகும் என்றும் சொன்னார். என் வழிகாட்டிக்கு இதே எழுத்துகள் மிகவும் பிடித்திருந்தன. மொழியே தெரியாதவர் சொல்வதை நான் எதற்குக் கேட்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

அவர் சொன்ன நான்கில் மூன்றைக் கேளுங்கள். ‘ர’ விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தாளைத் தலைகீழாகப் பிடித்தார் என்று வருத்தப்படாதீர்கள். படிக்கத் தெரிந்த கண் தானாகவே படிக்கத் தொடங்கிவிடும், வடிவத்தைக் கவனிக்காது. அதனால் எழுத்துரு செய்கிறவர்கள் தாய்மொழித் தாளைக்கூடத் திருப்பிப் பிடித்துத்தான் கறுப்பு எங்கே சேர்கிறது, வெள்ளை எங்கே ஓட்டையாகத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் ஜூரிக்கு வந்தவருக்குத் திருப்பாமலே அது தெரிந்திருக்கும். 1957இல் வெளிவந்த யூனிவர்ஸ் எழுத்துருவைச் செய்த அட்ரியன் ஃப்ரூடிகர், 1960களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து தேவநாகரியில் வேலை செய்தார். தேவநாகரி அவருடைய எழுத்து இல்லை. அவரிடம் கற்ற மகேந்திர படேல் இந்திய எழுத்து வடிவமைப்பின் பெரிய ஆசான்களில் ஒருவரானார், 2010இல் குட்டன்பர்க் பரிசும் பெற்றார்.

சுழி அடைபடுவது தமிழில் சின்ன விஷயமே இல்லை. ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. சுவரில் ஓரடி உயரத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பத்துப் பாயின்ட் அளவில், மை கொஞ்சம் பரவும் தாளில் ‘எண்ணினான்’ என்று அச்சிட்டுப் பாருங்கள். சுழியின் உள்வெளியை, அழகு என்று நீங்கள் நினைக்கும் அளவைவிடக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். அந்த வளைவில் கோட்டின் தடிமனையும் குறைக்க வேண்டியிருக்கும். கறுப்புத் திட்டுகளில் பாதி அப்போதே போய்விடும். இடைவெளியும் அப்படித்தான். ‘ட’வின் வலது மேல்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த எழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுக்காவிட்டால் ‘படம்’ என்ற சின்னச் சொல்கூட உடைந்து தெரியும்.

புத்தக எழுத்துருவுக்குத் தீர்ப்புச் சொல்வது பக்கம்தான், சுவர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் செய்த தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடியில் இருந்த கிறித்தவ மிஷனரிகளின் அச்சகத்துக்குக் கப்பலில் வந்தன. அளவு பெரிது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. பிறகு இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக வந்தது.

சரி, ‘ர’வுக்கு வருவோம். அவர் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு வடிவங்கள், ஒன்றில் மட்டும் ஒரு கோடு அதிகம். சீராக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டுத் ‘தாராபுரம்’ என்று தட்டிப் பாருங்கள். ‘த’வுக்குப் பிறகு ஒரே மாதிரி மூன்று கால்கள் வரிசையாக நிற்கும். ஓலைச்சுவடிகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு கிடையாது. அவற்றைப் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தப் பாட்டை இன்றைய வாசகருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இந்த இடத்தில் படிக்கத் தெரிந்த நீங்கள் சொல்வதுதான் முடிவு.

வழிகாட்டி பாராட்டியதும் பொய்யில்லை. ஒவ்வொரு எழுத்தும் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர், பழகிய கண்ணுக்குத் திட்டுகள் தெரியாமல் போகும்.

ஜூரிக்கு வந்த வடிவமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நன்றியோடு நிறுத்த வேண்டாம். திருத்திய பத்தியை இரண்டு அளவுகளில் அனுப்புங்கள். தாராபுரத்தையும் இணைத்து, ‘ர’வை ஏன் மாற்றவில்லை என்று விளக்குங்கள். பல மொழிகளில் வேலை செய்கிறவருக்கு அது பயன்படும். அப்புறம், எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘செ’, ‘சே’ இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்த அளவில் கொம்புகளின் வேறுபாடு உங்களுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். நாம் சொல்லை வைத்து ஊகித்துவிடுவோம், அவரால் முடியாது. அவர் தெரிகிறது என்றால் நம்பி அச்சுக்குக் கொடுக்கலாம்.