குயில்ட் பேட்ச் வெறுமையாக வருவது ஏன்?

கேள்வி: டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) பேக்கேஜ் ஒன்றின் மூல நிரலில் இரண்டு வரி திருத்தினேன். பில்ட் செய்தால், எதிர்பாராத மாற்றங்கள் என்று நின்றுவிடுகிறது. பேட்ச்களை (மாற்றங்களை மட்டும் பதியும் கோப்புகளை) நிர்வகிக்கும் குயில்ட் கருவியைப் பயன்படுத்தினால், பேட்ச் வெறுமையாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கோப்பை நேரடியாகத் திருத்திவிட்டீர்கள். 3.0 குயில்ட் என்ற மூலப் பேக்கேஜ் வடிவத்தில், அசல் டார் கோப்பையும் (மூல நிரலின் தொகுப்பு) டெபியன்/பேட்சஸ் அடைவில் உள்ள பேட்ச்களையும் சேர்த்தால் வருவதே மூல நிரல். டெபியன் அடைவுக்கு வெளியே, பேட்ச்களில் இல்லாமல் ஒரு வரி மாறினாலும், மூலப் பேக்கேஜை உருவாக்கும் டிபிகேஜி-சோர்ஸ் கருவி ஏற்காது. இந்தக் கண்டிப்பு நல்லதே; எதை யார் மாற்றினார் என்பது பின்னால் தெளிவாகத் தெரியும்.

முதலில் கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். குயில்ட்_பேட்சஸ் மாறியில் டெபியன்/பேட்சஸ் என்று கொடுங்கள். 'குயில்ட் புஷ் -ஏ' போட்டு, இருக்கும் பேட்ச்களை ஏற்றுங்கள். பிறகு புதிய பேட்சைத் தொடங்க 'குயில்ட் நியூ', அடுத்து திருத்தப்போகும் கோப்பை அதில் சேர்க்க 'குயில்ட் ஆட்'. அதன் பிறகே எடிட்டரைத் திறக்க வேண்டும். ஆட் கட்டளை அந்த நொடியில் உள்ள கோப்பை அசலாகப் பத்திரப்படுத்துகிறது. திருத்திவிட்டு ஆட் செய்தால், திருத்திய கோப்பே அசலாகிவிடும். ஒப்பிட வேறுபாடே இருக்காது. கடைசியாக, திருத்தத்தைப் பேட்சில் பதிய 'குயில்ட் ரெஃப்ரெஷ்'.

ஒரு பேட்சில் ஒரே நோக்கம் இருக்கட்டும். தலைப்பகுதியில் விளக்கமும், மூல ஆசிரியர்களுக்கு அனுப்பினீர்களா என்பதும் அவசியம் எழுதுங்கள்.

புதிய பதிப்பு வரும்போது வரிகள் நகர்ந்திருக்கும். சூழல் வரிகள் (மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகள்) சற்றே பொருந்தாவிட்டாலும் குயில்ட் ஏற்றிவிடும், டிபிகேஜி-சோர்ஸ் ஏற்றாது. ஆகவே ஒவ்வொன்றாகப் புஷ் செய்து, ரெஃப்ரெஷ் செய்துகொண்டே போங்கள்.